அமானிதம் கடல் கடக்கும்போது

சபராளிகள் ஊருக்கு அனுப்பும் பணத்தைப் பற்றி நம் சமுதாயம் நிறையப் பேசியிருக்கிறது. அந்தப் பணத்தில் வீடுகள் எழுந்தன, குமர்கள் கரையேறினர், பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் வளர்ந்தன. அதே கடலைக் கடந்து எதிர்த்திசையில் செல்ல வேண்டிய பணத்தைப் பற்றி நாம் பேசுவது குறைவு. அது பெரும்பாலும் வாரிசுப் பங்கு. பெற்றோர் மறைந்த பின், பூர்வீக வீடோ தோப்போ விற்கப்பட்ட பின், மலேசியாவிலும் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் குடும்பத்தோடு தங்கிவிட்ட பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர வேண்டிய தொகை.

அந்தத் தொகை பலருக்குப் போய்ச் சேருவதில்லை. யாரும் திருட எண்ணியதால் அன்று. 'வங்கியில் ஆயிரம் காகிதம் கேட்கிறார்கள்', 'அடுத்த முறை ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்', 'அவருக்கு இப்போது என்ன அவசரம்' என்ற மூன்று வாக்கியங்களுக்குள் ஆண்டுகள் கரைந்துவிடுகின்றன. ஃபராயிள் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வரும் நமக்கு, பங்கைக் கணக்கிடுவது எளிது, அதை உரியவரின் கையில் சேர்ப்பதே கடினம் என்பது சொந்தக் குடும்பத்திலேயே விளங்கியது. அதை எழுதுவதால் பிறருக்குப் பயன் விளையலாம் என்று கருதுகிறோம்.

நமது வாப்பா வஃபாத்தான பின், உம்மாவின் விருப்பப்படி வீடு உடனே விற்கப்படவில்லை. உம்மா நம்மோடு வந்து தங்க இசைந்த பிறகு, எல்லா வாரிசுகளின் மஷூராவோடும் வீட்டை விற்க முடிவு செய்தோம். வாப்பா வைத்துச் சென்ற சிறு கடன் முன்னரே தீர்க்கப்பட்டிருந்தது. வஸிய்யத் எதுவும் இல்லை. வாரிசுகள் ஐவர்: உம்மா, நாம், மலேசியாவில் தொழில் செய்யும் தம்பி, உள்ளூரில் வாழும் மூத்த தங்கை, ஷார்ஜாவில் கணவரோடு வாழும் இளைய தங்கை.

பங்கீடு மதரஸாவின் இரண்டாம் ஆண்டு மாணவரும் போடக்கூடியதுதான். பிள்ளைகள் இருப்பதால் உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதி, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில். சொத்தை 48 பாகங்களாகப் பிரித்தால் உம்மாவுக்கு 6, மகன்களுக்குத் தலா 14, மகள்களுக்குத் தலா 7. வீடு 96 லட்சம் ரூபாய்க்கு விலைபோனது. ஆக உம்மாவுக்கு 12 லட்சம், மகன்களுக்குத் தலா 28 லட்சம், மகள்களுக்குத் தலா 14 லட்சம். ஒரு தாளின் பாதியில் கணக்கு முடிந்தது. அந்தத் தாள் நடைமுறைக்கு வர மாதங்கள் ஆயின.

பங்கு எப்போது சொந்தமாகிறது?

மார்க்கச் சட்டத்தில் இதற்கு விடை தெளிவானது. கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சும் சொத்து, மய்யித் மறைந்த அந்தக் கணத்திலேயே வாரிசுகளின் உடைமையாகிவிடுகிறது. பிரித்துக் கொடுக்கும்போது நாம் அதை அவர்களுக்கு 'வழங்குவதில்லை'. முன்பே அவர்களுடையதாகிவிட்டதை ஒப்படைக்கிறோம். ஊரில் இருக்கும் சகோதரரின் கையில் இருக்கும் வெளிநாட்டுச் சகோதரரின் பங்கு அமானிதம். அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் பணிக்கிறது. அதே அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள் பங்குகளை எண்ணிச் சொல்கின்றன. அடுத்த இரு வசனங்கள் அவற்றை அல்லாஹ்வின் வரம்புகள் என்று அறிவித்து, காப்பவருக்குச் சுவனத்தையும் மீறுபவருக்கு நரகத்தையும் முன்வைக்கின்றன. தொழுகையின் ரக்அத் எண்ணிக்கைகூடக் குர்ஆனில் இவ்வளவு விரிவாக இல்லை. வாரிசின் பின்னம் இருக்கிறது.

எனவே முதலில் ஒரு முடிவு எடுத்தோம். வீடு விற்ற பணம் முழுவதும் ஒருவரின் கணக்கில் வந்து, பின் பிரியக் கூடாது. ஊரில் வழக்கம் அதுதான். மூத்தவர் வாங்கி வைத்துக்கொள்வார், பிறகு 'கொடுப்பார்'. நடுவில் அவருக்கே ஒரு நோய் வரலாம், ஒரு கடன் வரலாம், மவ்த்தே வரலாம். அப்போது அவருடைய வாரிசுகளுக்கு எது அவர் பணம், எது அமானிதம் என்று தெரியாது. ஆகவே வீட்டை வாங்கியவர் ஐந்து வாரிசுகளுக்கும் ஐந்து தனித்தனி வரைவோலைகள் தந்தார். ஒவ்வொன்றின் எண்ணும் கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கக் கட்டளையிடும் அல்பகரா 282ஆம் வசனத்தின் நோக்கம் இதில் நிறைவேறுவதாக நாம் கண்டோம்.

காகிதங்களின் வரிசை

இந்தப் பகுதியைக் கூடியவரை சுருக்கமாகச் சொல்கிறோம். 2025ஆம் ஆண்டின் முற்பாதியில் நடந்தது இது. விதிகளும் படிவங்களும் மாறக்கூடியவை என்பதால், இறங்குவதற்கு முன் ஓர் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது கட்டாயம்.

வெளிநாட்டில் வாழும் இருவரும் வீட்டை விற்பதற்கான அதிகாரப் பத்திரத்தைத் தத்தம் ஊரிலுள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் கையொப்பமிட்டுச் சான்று பெற்று அனுப்பினர். அது இங்கு வந்ததும் உரிய காலத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்திப் பதிவுத்துறையில் முறைப்படுத்தப்பட்டது. வட்டாட்சியரின் வாரிசுச் சான்றிதழ் முன்பே இருந்தது.

அடுத்து வங்கிக் கணக்கு. தம்பிக்குக் கல்லூரிக் காலத்துச் சேமிப்புக் கணக்கு ஒன்று உள்ளூர் வங்கியில் இருந்தது. அதிலேயே போட்டுவிடலாம் என்று எல்லோரும் நினைத்தனர். வெளிநாட்டில் குடியமர்ந்தவர் சாதாரணச் சேமிப்புக் கணக்கைத் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது. அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். இந்தியாவில் கிடைக்கும் வாடகை, வாரிசுப் பணம், சொத்து விற்ற பணம் ஆகியவை வந்து சேரும் இடம் அந்தக் கணக்கு. தம்பியின் கணக்கு மாற்றப்பட்டது. தங்கைக்குப் புதிதாகத் திறக்கப்பட்டது. அவளுக்குப் பான் அட்டையே இல்லை. அதற்கும் விண்ணப்பித்தோம்.

வரியில் ஒரு வேறுபாடு எல்லோரையும் திகைக்க வைத்தது. விற்பவர் இந்தியாவில் வாழ்பவரானால், வீட்டின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருக்கும்போது, வாங்குபவர் அவர் பங்கில் 1 விழுக்காடு மட்டும் பிடித்தம் செய்கிறார். வெளிநாட்டில் வாழ்பவரானால், நீண்டகால மூலதன ஆதாயத்துக்குரிய 12.5 விழுக்காட்டோடு 4 விழுக்காடு செஸ்ஸும் சேர, நம் தொகைக்கு 13 விழுக்காடு ஆனது. குறைந்த விகிதத்துக்கான சான்றிதழை வருமானவரித் துறையிடம் முன்கூட்டியே பெறாவிட்டால், ஆதாயத்தின் மீது மட்டுமன்றிப் பங்குத் தொகை முழுவதன் மீதும் இந்தப் பிடித்தம் விழுகிறது. தம்பியின் 28 லட்சத்தில் 3,64,000 ரூபாயும், தங்கையின் 14 லட்சத்தில் 1,82,000 ரூபாயும் பிடிக்கப்பட்டன. கூடுதலாகப் பிடித்ததை வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். "ஒரே வீடு, ஒரே வாப்பா, எனக்கு மட்டும் ஏன் குறைகிறது?" என்று தங்கை கேட்டாள். பங்கு குறையவில்லை, பங்கின் மீது அரசு வைத்த வரி வேறு என்று விளக்கினோம். ஆனாலும் இவ்விருவருக்காகவும் ஆன ஆடிட்டர் கட்டணத்தை நாமே ஏற்றுக்கொண்டோம். அது அன்பளிப்பு. பங்கோடு கலக்காமல் தனியே எழுதிவைத்தோம்.

என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து வெளிநாட்டுக்கு ஒரு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, வரி செலுத்திய பின் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை கொண்டுசெல்ல ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருகின்றன. நம் குடும்பங்களின் பெரும்பாலான பங்குகள் இந்த வரம்பின் அருகில்கூட வருவதில்லை. வரி செலுத்தப்பட்டதற்கு ஆடிட்டர் தரும் 15 சி.பி. சான்றிதழ், கணக்கின் உரிமையாளர் இணையத்தில் பதியும் 15 சி.ஏ. படிவம், கிரயப் பத்திர நகல், வாரிசுச் சான்றிதழ், அவரே கையொப்பமிட்ட விண்ணப்பம் ஆகியவற்றை வங்கி கேட்டது. ரஜபில் பத்திரம் பதிவானது. துல்கஅதாவில் பணம் கடல் கடந்தது. நடுவில் ஒரு ரமழான் கடந்துபோனது.

உண்டியல் என்னும் குறுக்குவழி

அந்த ரமழானில்தான் தம்பி அழைத்தார். மகனின் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. "காக்கா, இங்கே ஒருவர் இருக்கிறார். காலையில் நீங்கள் ஊரில் அவருடைய ஆளிடம் ரூபாயைக் கொடுத்தால், அஸருக்குள் எனக்கு ரிங்கிட் வந்துவிடும். வங்கியைவிட விலையும் கூடுதல். இதுவும் ஹவாலாதானே, கிதாபில் உள்ளதுதானே?" என்றார்.

கேள்வி நியாயமானது. ஹவாலா கிதாபில் உள்ளதுதான். கடனை ஒருவர் பொறுப்பிலிருந்து மற்றொருவர் பொறுப்புக்கு மாற்றும் ஒப்பந்தம் அது. ஓரூரில் பணம் கொடுத்து மற்றோரூரில் பெற்றுக்கொள்ளும் ஸுஃப்தஜா என்னும் முறையும் ஃபிக்ஹ் நூல்களில் உண்டு. மக்காவில் மக்களிடம் பணம் பெற்று, இராக்கில் இருந்த தம் சகோதரர் முஸ்அபுக்கு எழுதிக் கொடுத்து அங்கே பெறச் செய்தார்கள் என்று அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களைப் பற்றி அறிவிக்கப்படுகிறது. பயண ஆபத்திலிருந்து பணத்தைக் காக்கும் வழி அது. நம் மரக்காயர் முன்னோரின் கடல் வாணிபத்துக்கும் உண்டியல் புதிதன்று.

ஆனால் இன்று உண்டியல் என்று அழைக்கப்படும் இந்தப் பரிமாற்றத்தில் மூன்று முட்கள் இருப்பதைத் தம்பிக்கு எடுத்துரைத்தோம்.

முதலாவது, இதில் ஹவாலா மட்டும் இல்லை. ரூபாயை ரிங்கிட்டாக மாற்றும் ஸர்ஃபும் இருக்கிறது. உபாதா இப்னு ஸாமித் (ரலி) அறிவிக்கும், முஸ்லிம் கிரந்தத்தில் இடம்பெற்ற ஹதீஸ், இனங்கள் வேறுபடும்போது விரும்பிய விலைக்கு மாற்றிக்கொள்ள அனுமதித்துவிட்டு, கைக்குக் கை இருக்க வேண்டும் என்று நிபந்தனை இடுகிறது. காகிதப் பணத்துக்கும் தங்கம், வெள்ளியின் இந்தச் சட்டங்கள் பொருந்தும் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1986இல் அம்மானில் தீர்மானித்தது. இங்கே ரூபாயைக் கொடுத்துவிட்டு, விலையை மாலையில் பேசிக்கொள்ளலாம் என்றோ, ரிங்கிட்டை நாளை தருகிறேன் என்றோ இருந்தால், கைக்குக் கை என்பது முறிந்துவிடுகிறது.

"வங்கியிலும் உடனே கைக்கு வருவதில்லையே" என்றார் தம்பி. அதற்கும் அகாடமி விடை தந்துள்ளது. 1990இல் ஜித்தாவில், வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுவது சட்ட வழியிலான கைப்பற்றல் என்று ஏற்றது. 1995இல் அபூதபியில், மாற்றமும் அனுப்புதலும் சேர்ந்து வரும்போது மாற்றம் முதலில் நிகழ வேண்டும் என்றது. தொகை முழுவதும் ஒப்படைக்கப்பட்டு, ஒப்புக்கொண்ட விலை வாடிக்கையாளருக்குத் தரும் ஆவணத்தில் பதியப்பட்ட பின்னரே அனுப்புதல் நிகழ வேண்டும் என்றும் விளக்கியது. நமது வங்கியில் அப்படித்தான் நடந்தது. விலை உறுதியாகி, சீட்டு கைக்கு வந்து, பிறகே பணம் புறப்பட்டது. உண்டியல்காரர் தருவது ஒரு ரூபாய் நோட்டின் எண்ணும் ஒரு சொல்லும் மட்டுமே.

இரண்டாவது, நாட்டின் சட்டம். 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்றவர் வழியாக அன்றி வெளிநாட்டில் வாழ்பவருக்குப் பணம் செலுத்துவதைத் தடுக்கிறது. மீறினால், தொகை கணக்கிடத்தக்கதாக இருக்கும்போது அதன் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்க 13ஆம் பிரிவு இடம் தருகிறது. ஹராமைச் செய்யும்படி ஒரு சட்டம் வற்புறுத்தாதவரை, நாம் வாழும் நாட்டோடும் கணக்கு வைத்திருக்கும் வங்கியோடும் கையொப்பமிட்டு ஏற்ற நிபந்தனைகள் ஒப்பந்தங்கள்தாம். அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் ஒப்பந்தங்களை நிறைவேற்றப் பணிக்கிறது. தவிர, இந்தத் தண்டம் விழுந்தால் அது அமானிதத்தின் மீதே விழும்.

மூன்றாவது, அந்த ரிங்கிட் யாருடையது? தம்பியின் கைக்கு வரவிருந்த நோட்டுகள் கூலித் தொழிலாளியின் சம்பளமாக இருக்கலாம், கடத்தல்காரரின் பணமாகவும் இருக்கலாம். கேட்டால் விடை கிடைக்காது. வாப்பா நாற்பதாண்டு உழைத்துக் கட்டிய வீட்டின் ஹலாலான விலையைக் கொடுத்துவிட்டு, முகம் தெரியாத பணத்தை ஏன் வாங்க வேண்டும்?

தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கட்டணத்துக்கு என்ன செய்வது?" என்றார். அந்தக் கேள்விக்குக் கிதாபைக் காட்டி விடை சொல்லிவிட்டு அமர்ந்திருக்க முடியாது. தேவையோடு நிற்பவரிடம் ஹராமை மட்டும் சுட்டிக்காட்டி வழியை மூடுவது பாதி நஸீஹத். தம்பிக்கு மலேசியாவிலேயே நம் உறவினர் ஒருவர் மூன்று மாதத் தவணையில் ரிங்கிட்டாகவே கர்ளு கொடுத்தார். வட்டி இல்லை. எழுதி, இருவர் சாட்சி வைத்தோம். ரிங்கிட்டில் வாங்கியது ரிங்கிட்டிலேயே திரும்பியது. உண்டியலைத் தடுக்க விரும்பும் சமுதாயம் கர்ளன் ஹஸனாவின் கதவைத் திறந்துவைக்க வேண்டும் என்பதை அன்று கண்கூடாக அறிந்தோம்.

யார் பெயரில் போய்ச் சேருகிறது?

தங்கையின் செய்தி வேறு. அவளுக்கு ஷார்ஜாவில் சொந்தக் கணக்கு இல்லை. மச்சான் நல்ல மனிதர், ஐவேளை ஜமாஅத் தவறாதவர். "என் கணக்குக்கே அனுப்பிவிடுங்கள், வீட்டுக்குள் என்ன வேறுபாடு?" என்றார். சொன்னதில் வஞ்சகம் எதுவும் இல்லை. நம் ஊரில் ஆயிரம் வீடுகளில் சொல்லப்படும் சொல் அது.

ஆனால் வேறுபாடு உண்டு. மனைவியின் உடைமை மனைவியுடையது. நிக்காஹ் அதைக் கணவரின் பெயருக்கு மாற்றுவதில்லை. அவருடைய கணக்கில் விழுந்த பணம், அவருக்குக் கடன் இருந்தால் கடனுக்குப் போகும். அவர் வஃபாத்தானால் அவருடைய வாரிசுகளுக்கிடையே பங்கிடப்படும். அங்கே அவளுக்குக் கிடைப்பது எட்டில் ஒன்று. தன் வாப்பாவின் சொத்து முழுவதும் தனக்குரியதாய் இருந்தும், கணவரின் சொத்தாக எண்ணப்பட்டு அதில் எட்டில் ஒரு பங்கை மட்டும் பெற்ற பெண்களை நாம் ஃபராயிள் கேட்டு வரும் குடும்பங்களில் பார்த்திருக்கிறோம். எந்தக் காகிதமும் அவர்கள் பக்கம் பேசவில்லை.

தங்கையிடமே கேட்டோம். அவள் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "வாப்பா எனக்கு விட்டுச் சென்றது காக்கா. என் பெயரிலேயே வரட்டும். வந்த பிறகு அவருக்குத் தேவையென்றால் நானே கொடுக்கிறேன்." வங்கியும் அதே விடையைச் சொன்னது. என்.ஆர்.ஓ. கணக்கின் உரிமையாளரின் பெயரிலுள்ள வெளிநாட்டுக் கணக்குக்கே அனுப்புவோம் என்றது. மார்க்கம் கேட்டதையே வங்கியின் விதியும் கேட்டபோது, மச்சானிடம் பேசுவது எளிதாயிற்று. அவரே அவளை வங்கிக்கு அழைத்துச் சென்று, அவளுடைய எமிரேட்ஸ் அடையாள அட்டையைக் கொண்டு கணக்கைத் திறந்து கொடுத்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

உள்ளூரில் இருக்கும் மூத்த தங்கையிடமும் சிலர், "சீர் செய்தார்கள், நகை போட்டார்கள், பங்கை விட்டுக்கொடுத்துவிடேன்" என்றனர். திருமணத்தில் கொடுத்தது வாப்பா உயிரோடிருந்தபோது கொடுத்த அன்பளிப்பு. வாரிசுப் பங்கின் முன்பணம் அன்று. கூச்சத்தால், சகோதரர் முகம் சுளிப்பார் என்ற அச்சத்தால் சொல்லும் 'வேண்டாம்', மனமுவந்த விடுதலை ஆகாது. முதலில் தொகை அவள் கைக்குப் போகட்டும், பிறகும் கொடுக்க மனம் வந்தால் அது அவள் உரிமை என்றோம். அவள் வரைவோலையை வாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் நாம் எதுவும் கேட்கவில்லை.

வட்டி, ஜகாத், நாணய விலை

பணம் கணக்குகளில் காத்திருந்த மாதங்களில் சில ஆயிரம் ரூபாய் வட்டியாக விழுந்தது. வங்கிக் கட்டணத்துக்கு அதையே வைத்துக்கொள்ளலாமா என்று தம்பி கேட்டார். கட்டணம் நாம் செலுத்த வேண்டிய செலவு. வட்டியைக் கொண்டு அதைத் தீர்த்தால் வட்டியின் பயன் நமக்கே வருகிறது. ஆகவே நன்மையை எதிர்பார்க்காமல், அதை நீக்கிவிடும் எண்ணத்தோடு ஏழைகளுக்குக் கொடுத்துவிடுமாறு சொன்னோம். இருவரும் அவ்வாறே செய்தனர்.

ஜகாத்தும் மறக்கப்படுகிறது. ஊரில் கிடக்கும் வெளிநாட்டுச் சகோதரரின் பணத்துக்கு ஊரில் இருப்பவர் ஜகாத் கொடுப்பதில்லை, அது அவருடையது அன்று. வெளிநாட்டில் இருப்பவரும் கொடுப்பதில்லை, எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. இரு கரைகளுக்கும் நடுவே ஏழையின் ஹக்கு மூழ்கிவிடுகிறது. எனவே ஒவ்வொருவருக்கும், எந்தத் தேதியில், எத்தனை ரூபாய் தம் கணக்கில் சேர்ந்தது என்பதை எழுதி அனுப்பினோம்.

நாணய விலை அடுத்தது. வங்கி அறிவிக்கும் விலை சந்தை விலையிலிருந்து விலகி நிற்கும். அந்த வேறுபாடே வங்கியின் பெரிய வருவாய். கட்டணம் என்று எழுதுவது சிறிய பகுதிதான். ஒரு ரிங்கிட் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தம்பியின் 24,36,000 ரூபாய் 1,21,800 ரிங்கிட். ஒரு ரிங்கிட்டுக்கு 30 காசு வேறுபட்டாலே 36,540 ரூபாய் போய்விடும். இரு வங்கிகளில் விலை கேட்டு, மேலாளரிடம் பேசி, குறைக்கச் சொல்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை. இடைநிலை வங்கியின் கட்டணம் அனுப்புபவர் மீதா, பெறுபவர் மீதா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கும். படிக்காமல் கோடிட்டால், போய்ச் சேரும் தொகை குறைந்து, குடும்பத்துக்குள் சந்தேகம் முளைக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு தாமதத்தால் வருவது. 2010இல் ஓர் அமெரிக்க டாலர் 45 ரூபாய் அளவில் இருந்தது. 2024 டிசம்பரில் அது 85 ரூபாயைக் கடந்தது. அமீரகத் திர்ஹம் டாலரோடு பிணைக்கப்பட்ட நாணயம். 2010இல் ஒரு தங்கைக்கு அனுப்ப வேண்டிய தொகையை 2024 இறுதி வரை ரூபாயாகவே வைத்திருந்தவர், ஒரு ரூபாயும் எடுக்காமலேயே, அவளுடைய திர்ஹமில் ஏறத்தாழப் பாதியைக் கரைத்துவிட்டார். அதை ஈடு செய்யச் சொல்லலாமா என்றால், கடன் எந்த நாணயத்தில் உள்ளதோ அதே அளவில்தான் திருப்பப்பட வேண்டும், அதன் மதிப்பில் அன்று என்று ஃபிக்ஹ் அகாடமி 1988இல் குவைத்தில் தீர்மானித்தது. 14 லட்சம் கொடுக்க வேண்டியவர் 14 லட்சம் கொடுத்தால் சட்டப்படி கணக்குத் தீர்ந்தது. ஆகவே அந்த இழப்பை எந்த முஃப்தியாலும் மீட்டுத் தர முடியாது. மறுமையில் விசாரிப்பவன் அல்லாஹ்.

வசதியுள்ளவர் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போடுவது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. அதன் அடுத்த பகுதி, உங்களில் ஒருவருடைய கடன் வசதியானவர் மீது மாற்றப்பட்டால் ஏற்றுக்கொள்ளட்டும் என்ற பொருளைத் தருகிறது. ஹவாலாவுக்கு ஃபுகஹாக்கள் காட்டும் ஆதாரம் அதுவே. உண்டியலுக்கு இந்த ஹதீஸைக் காட்டுபவர்கள் பலர். அது தாமதத்தைக் கண்டித்துத் தொடங்குவதை நினைவில் வைப்பவர்கள் சிலரே.

எனவே ஊரில் இருக்கும் சகோதரர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் பீரோவில், உங்கள் வங்கிக் கணக்கில், உங்கள் பெயரிலுள்ள பட்டாவில், கடல் கடந்து வாழும் சகோதரரின், அதிலும் குறிப்பாகச் சகோதரியின் பங்கு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் இன்றிரவே ஒரு தாளில் எழுதி, கையொப்பமிட்டு, அதைப் படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள். வங்கிக்குச் சில மாதங்கள் ஆகலாம், அந்தத் தாளுக்குப் பத்து நிமிடம் போதும். வெளிநாட்டில் வாழும் சகோதர சகோதரிகளே, கேட்பதில் கூச்சம் வேண்டாம். உங்கள் ஹக்கைக் கேட்பது உறவை முறிப்பதாகாது. சொல்லாமல் மனத்துக்குள் வைத்துப் புழுங்குவதே உறவை முறிக்கிறது.

பணம் சேர்ந்த அன்று தங்கை அனுப்பிய செய்தியில் தொகையும் அதன் கீழே வாப்பாவுக்கான துஆவும் மட்டுமே இருந்தன. பங்கு போய்ச் சேரும்போது, விட்டுச் சென்றவருக்கு இங்கிருந்து துஆ போய்ச் சேருகிறது. தாமதிப்பவர் தடுத்து நிறுத்துவது அதையும்தான்.

யா அல்லாஹ், எங்கள் பெற்றோரின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக. அவர்கள் விட்டுச் சென்றவற்றில் எவருடைய ஹக்கும் எங்கள் கழுத்தில் தொங்காமல் எங்களைக் காப்பாயாக. ஆமீன்.